முதல் மீன் வரும் நாள்

ஏப்ரல் 16, புதன்

முதல் வகுப்பு. நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.

அறக்கட்டளை அலுவலகத்தில் பத்துப் பேர் வந்தாலே பெரிய விஷயம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் எழுதி ஒட்டிய அறிவிப்புதான் காரணமாக இருக்க வேண்டும். மூன்று வண்ணங்களில் எழுதியிருந்தேன். ‘பெண்களுக்கான இலவச உடற்பயிற்சி. காலை ஆறு மணி, பி பிளாக் முன்னால். பயிற்சியாளர்: கோ. தமயந்தி, பி.பி.எட்.’ கடைசி மூன்று எழுத்துகளை எழுதும்போது மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யார் பெயருக்குப் பின்னாலும் இதுவரை எதுவும் வந்ததில்லை.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடங்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் மீன் விற்கிற பெண்கள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குக் குரலே எழும்பவில்லை. விசிலை ஊதினேன், அது சத்தமாகக் கேட்டது.

முதல் பயிற்சியாக, முழுசாகக் குந்தி அரை நிமிடம் தாக்குப்பிடிக்கச் சொன்னேன். கல்லூரியில் இதில் பாதிப் பேர் இருபது விநாடியில் விழுந்துவிடுவோம். இவர்கள் குந்தினார்கள். குதிகால் தரையில் படிந்திருந்தது, முதுகு நேராக இருந்தது. உடனே பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒருத்தியின் நாத்தனார் கதை. நான் பார்த்துக்கொண்டே நின்றதில் கடிகாரத்தை மறந்துவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து முன்வரிசையிலிருந்த ஓர் அக்கா கேட்டார்:

“இன்னா டீச்சர், எந்திரிக்க சொல்லுவியா, இல்ல இப்டியே குந்திகினு மதியம் வரிக்கும் பேசலாமா?”

அவர் பெயர் கஸ்தூரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 17, வியாழன்

உணவு அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். ஓட்ஸ், பாதாம், பச்சை ஆப்பிள், கிரீன் டீ.

கஸ்தூரி அக்கா அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். “இத்த எல்லாம் நாம துன்னுகினு இருந்தா, நம்ம மீன யாரு டீச்சர் துன்றது?” என்றார். மாலையில் போய்க் கிழித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று ஐந்து கிலோ டம்பெல் இரண்டு கொண்டுபோனேன். அதைக் கையில் வாங்கிய ஒருவர், அடியில் பேட்டரி போடும் இடம் இருக்கிறதா என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பது கிலோ மீனையும் பனிக்கட்டியையும் தலையில் வைத்து இருபது வருடம் நடந்தவர்கள். கெண்டைக்கால்களைப் பார்த்தேன். தசைகளின் பெயர்களை லத்தீனில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். ஆனால் அவை தனித்தனியாக வேலை செய்வதை ஓர் உயிருள்ள காலில் இன்றுதான் பார்த்தேன்.

இவர்களால் முடியாதது ஒன்றே ஒன்று. கைகளைத் தலைக்கு மேல் நேராக உயர்த்த முடியவில்லை. தோள் இறுகிப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. எனக்கு வேலை இருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

கைகளை உயர்த்திக் காட்டும்போது கண் கொஞ்சம் இருட்டியது. உட்கார்ந்துவிட்டேன். வெயில் காரணம். காலை ஆறே முக்கால் மணி வெயில்தான் என்றாலும் சித்திரை மாதம் அல்லவா.

கஸ்தூரி அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு, “காலீல இன்னா துன்ன?” என்றார். விடுதியில் எட்டு மணிக்குத்தான் டிபன் தருவார்கள், நான் ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறேன். இதையெல்லாம் சொல்லவில்லை. “சாப்பிட்டேன் அக்கா” என்றேன்.

ஏப்ரல் 26, சனி

ஏழாம் எண் வீட்டு அக்கா கேழ்வரகுக் கூழில் உப்பு சரியா என்று பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. ஒரு சொம்பு.

ஏப்ரல் 28, திங்கள்

பதினோராம் எண் வீட்டில் சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும். உப்பு சரி. இவர்களுக்கு உப்பு விஷயத்தில் ஏன் இத்தனை சந்தேகம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் சுகந்தி என்ற பெண் தயங்கித் தயங்கி வந்து, “என் மாமியாருக்குத் தனியா சொல்லித் தர முடியுமா டீச்சர்? அவங்களால கீழ வர முடியாது” என்றாள். நாலாவது மாடி. மாடிக்குப் பதினெட்டு வீதம் எழுபத்திரண்டு படிகள்.

மாமியாரின் பெயர் ஏகவள்ளி. ஐம்பத்தாறு வயது. சுவரில் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார். போன ஜூலையில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் பனிக்கட்டித் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதன் பிறகு இரண்டே முறைதான் கீழே போயிருக்கிறார், ஆஸ்பத்திரிக்கு. இரண்டு முறையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். இரண்டாம் முறை திருப்பத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டதாம்.

“பொணம் கூட நேரா எறங்கும். இனிமே என்ன எவனும் தூக்கக் கூடாது” என்றார்.

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதையும் அவரே சொன்னார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஜூன் பதினைந்தில் தடை முடியும். முடிந்த பிறகு முதல் மீன் வருகிற காலையில் சந்தையில் யார் எங்கே உட்காருகிறார்களோ, அடுத்த தடை வரை அந்த இடம் அவர்களுடையது. கூடையைத் தன் தலையில் வைத்துத் தானே நடந்து வந்து உட்கார வேண்டும். எழுதிய சட்டம் இல்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. ஏகவள்ளிம்மாவின் இடம் பூவரச மரத்தடி. நிழல், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிர். இருபத்திரண்டு வருடமாக அவருடையது. போன வருடத்தின் மிச்சத்தை அவருடைய ஓரகத்தி அங்கே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். அந்த ஓரகத்திதான் கஸ்தூரி அக்கா.

“இந்த வருசம் நா போவலன்னா, அப்பால நா எதுக்கும் எறங்க வேணாம் டீச்சர். இந்த ஜன்னலே போதும்” என்றார்.

நாற்பத்தேழு நாள் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கிறுக்கலான ஆங்கிலத்தில், ஊன்றி நடக்கலாம், படி ஏறி இறங்கலாம் என்று எழுதியிருந்தது. தேதி நவம்பர். அந்தச் சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் சீட்டுகளை வாசிப்பவள் நான்தான். நான் இப்போது இங்கே இருப்பதால் அம்மா அவற்றை எங்கே வைக்கிறாள் என்று தெரியவில்லை.

பின்குறிப்பு: நாற்பத்தொரு பேர் வந்ததற்குக் காரணம் தடைக்காலம். வேலை இல்லாததால் வந்திருக்கிறார்கள். அறிவிப்பின் வண்ணங்களைப் பற்றி முன்பு எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

மே 3, சனி

பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, உட்கார்ந்து எழும் பயிற்சி. பாடப்புத்தகத்தில் முதல் பயிற்சியே அதுதான். ஏகவள்ளிம்மா ஏதோ அலுவலகத்தில் அதிகாரியைப் பார்க்க வந்தவர் போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மூன்று முறை எழுந்தார். நாலாவது முறை வியர்த்துவிட்டது.

வாசலுக்கு வந்து முதல் படியின் விளிம்பில் நின்றோம். கைப்பிடியைப் பிடித்தார், குனிந்து படிகளைப் பார்த்தார், முழங்கால் நடுங்கியது. பத்து நிமிடம் நின்றோம். இறங்கவில்லை.

மூலையில் அவருடைய அன்னக்கூடை கிடந்தது. அகலமான அலுமினியப் பாத்திரம். கால் தடுக்கும் என்று சொல்லி அதைப் பரண் மேல் வைக்கச் சொன்னேன். சுகந்தி வைத்தாள். ஏகவள்ளிம்மா பரணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 7, புதன்

முதல் படி. குனிந்து பார்க்கிறார். நடுங்குகிறார். இல்லை.

மே 10, சனி

இல்லை. அவருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு “பரவாயில்லம்மா” என்று சொல்லிவிட்டு, எழுபத்திரண்டு படிகளையும் இறங்கிய பிறகு சிறிது நேரம் கீழே உட்கார்ந்திருந்தேன். பதினாறாம் எண் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை அடையும் அவித்த முட்டையும் வந்தன. உப்பு சரியா என்று கேட்டார்கள். முட்டையில் உப்பே போடவில்லை.

மே 12, திங்கள்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நான் இன்று அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. சுகந்தி தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். துவைத்த துணி ஒரு வாளி நிறைய இருந்தது. ஏகவள்ளிம்மா பரணிலிருந்து அன்னக்கூடையை எப்படியோ இறக்கியிருந்தார். வேட்டித் துணி ஒன்றை வளையமாகச் சுருட்டிச் சும்மாடு செய்து தலையில் வைத்து, பிழிந்த துணிகளை அன்னக்கூடையில் போட்டு, சுவரில் சாய்ந்தபடி அதைத் தூக்கித் தலையில் ஏற்றினார்.

கத்தலாம் என்று வாய் திறந்தேன். குரல் வரவில்லை. வராததும் நல்லதாயிற்று.

அவர் நடந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. சுவர் என்று ஒன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாதது போல நடந்தார். பத்து மாதமாகக் குனிந்திருந்த முதுகு கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே கோடாக நிமிர்ந்தது. கண் தரையைப் பார்க்கவில்லை, எதிரே பார்த்தது. பாதம் தானே தரையைத் தேடிப் பதிந்தது. வலது கால் மட்டும் ஒரு நொடி தாமதித்தது, ஆனாலும் நடுங்கவில்லை. நடையின் கோடியில் இருக்கும் கொடி வரை பதினாறு அடி.

“சுவரைப் பிடிக்காமல் வந்தீங்களேம்மா” என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். கூடையும் சேர்ந்து திரும்பியது, ஆடவில்லை. “கூட தலைமேல இருக்க சொல்லோ எவடி சொவுத்தப் புடிப்பா?” என்றார்.

பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கே உறைத்தது. சட்டென்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்ப்பது இதுவே முதல் முறை. மூன்று வருடம் படித்ததில், ஒரு உடம்பு தன் நேரான கோட்டைத் தலைக்கு மேலிருக்கும் சுமையிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பரண் மேல் வைக்கச் சொன்னவள் நான்.

மே 13, செவ்வாய்

கல்லூரியில் உடலியக்கம் நடத்திய மேடத்துக்குத் தொலைபேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நாளை கூப்பிடு என்றார்.

மே 14, புதன்

மேடம் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சொன்னார். கூடையோடு பயிற்சி செய்யலாம். இரண்டு கிலோவில் ஆரம்பித்து, வலி இல்லாவிட்டால் வாரம் ஒரு கிலோ கூட்டலாம். அதுவும் சமதரையில் மட்டும். படியில் வெறும் கூடை, ஒரு கை கைப்பிடியில், ஒரு ஆள் முன்னால், ஒரு ஆள் பின்னால்.

ஏகவள்ளிம்மாவிடம் சொன்னபோது, “இத்த சொல்ல டாக்டருக்கு ஒரு நாள் புட்சுதா?” என்றார்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தரையில் குந்தி எழுவதைச் சொல்லித் தர ஆரம்பித்தேன். சொல்லித் தர என்று எழுதுவது சரியில்லை. அவர் எழுந்தார், நான் எண்ணினேன்.

மே 20, செவ்வாய்

வெறும் கூடையோடு பதினெட்டுப் படிகள் இறங்கி, மூன்றாம் மாடி. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஏறினார். இறங்குவதுதான் கடினம், ஏறுவது அல்ல. இறங்கும்போது தொடை முழு உடம்பையும் தாங்கி மெல்ல விட வேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்தத் தொடை வேலை செய்வது புடவைக்கு மேலேயே தெரிந்தது.

நான் கீழே வந்ததும் அங்கே கஸ்தூரி அக்கா நின்றிருந்தார். “யக்கா எத்தினி படி எறங்குச்சு?”

மரத்தடி இடத்துக்குப் போட்டியே அவர்தான், அவர் கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “ஆறு” என்றேன்.

“ஆறா” என்றார். அவ்வளவுதான்.

மே 28, புதன்

இரண்டு மாடி. முப்பத்தாறு படிகள். நடையில் நாலு கிலோவோடு நூறு அடி.

கஸ்தூரி அக்கா மறுபடி கேட்டார். “பன்னிரண்டு” என்றேன். பொய் சொல்வது இப்போது கொஞ்சம் பழகிவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

வகுப்பின் முடிவில் எல்லோருமாக உட்கார்ந்து புதிய உணவு அட்டவணை தயாரித்தோம். ஒவ்வொரு வீட்டிலும் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். கூழ், வேர்க்கடலை, கீரை, முட்டை, சின்ன மீன்களை முள்ளோடு. என் அட்டவணையில் பாதாம் இருந்த இடத்தில் இப்போது கருவாடு இருக்கிறது. மசால் வடையையும் எழுதச் சொன்னார்கள். வாரம் ஒரு முறை என்று எழுதினேன். “ஒரு வாரம்னா எத்தினி நாளுன்னு போடல டீச்சர்” என்றார் ஒருவர்.

எழுதி முடித்தபோது கஸ்தூரி அக்கா பொதுவாக, “நாளிக்கு யாரு மொற?” என்று கேட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என்ன முறை என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 4, புதன்

ஐம்பதாவது படியில் வலது முழங்கால் மடங்கியது.

அவர் விழவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டார். அந்தக் குந்தல்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் கூடை தலையிலிருந்து போய்விட்டது. மீதி இருபத்திரண்டு படிகளும் அது உருண்டு இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லா மாடிகளிலும் கதவு திறந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. ஏறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து படிகளைப் பார்த்தபடி ஏறினார்.

ஜூன் 5, வியாழன்

சுகந்தி வாசலிலேயே சொன்னாள்: “வேணாமாம் டீச்சர்.”

ஜூன் 6, வெள்ளி

வேண்டாமாம்.

நான்தான் அவசரப்படுத்தினேனா என்று பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. அம்மா தொலைபேசியில், “ஏசி ஜிம்முல குளிருதா, போர்வை வேணுமா” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏசி ஜிம்மில் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வகுப்பு இல்லை. ஆனாலும் போனேன்.

நாலாவது மாடி வாசலில் அன்னக்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. உருண்டதில் அதன் விளிம்பில் பெரிய ஒடுக்கு விழுந்திருந்தது. இப்போது அதை உள்ளிருந்து தட்டி எடுத்திருந்தார்கள். யார் கொண்டுவந்து வைத்தது என்று சுகந்திக்கும் தெரியவில்லை.

ஏகவள்ளிம்மா அதை மடியில் வைத்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார்.

“கஸ்தூரிதான். குழவியால தட்டிக்கிறா. ஒரு வேல ஒயுங்கா செய்யத் தெரியாது அவளுக்கு, பாரு, இந்தப் பக்கம் மேடா வுட்டுட்டா.”

ரொம்ப நேரம் திட்டினார். பிறகு சும்மாடைத் தேடினார்.

கீழே வரும்போது இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே கஸ்தூரி அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் வீடு அதுதான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

“வா டீச்சர். ஆறு படி, பன்னண்டு படின்னு சொல்லிக்கினு இருந்தியே. முப்பத்தாறாவது படி என் வூட்டு வாசலு. டெய்லி நீ போனப்பால யக்கா மருமவளோட எறங்கி, எங்க வூட்டு சொம்புலதான் தண்ணி குடிச்சிட்டு ஏறும். நீ சொல்ற கணக்க கேட்டு நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம்.”

“உங்களுக்கு அந்த இடம் வேண்டாமா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். இந்த இரண்டு மாதத்தில் அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு நின்றது. “வேணான்னு யாரு சொன்னா? அந்தாண்ட கோடியில பத்து வருசம் வெயில்ல காஞ்சவ நானு. மொத மீன் அன்னிக்கு நா அங்கதான் குந்துவேன். அது வந்தா பாத்துக்கலாம்” என்றார். பிறகு, “கஞ்சி குடிச்சிட்டுப் போ. உப்பு பாக்க வேணாம், நா போடற உப்பு எனுக்குத் தெரியும்.”

ஜூன் 11, புதன்

ஐம்பத்து நாலு படிகள் இறங்கி ஏறினார். நடையில் ஆறு கிலோ. இடையில் நாலு நாள் விட்டும் மேடம் சொன்ன கணக்குக்குக் குறையவில்லை.

ஜூன் 14, சனி

நள்ளிரவில் படகுகள் கிளம்புகின்றன. குடியிருப்பு முழுவதும் டீசல் வாசனை. வகுப்புக்கு நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் வகுப்பை மாலை நாலு மணிக்கு, சந்தை முடிந்த பிறகு வைக்கச் சொன்னார்கள். அறக்கட்டளைக்குக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

முழு எழுபத்திரண்டையும் இதுவரை இறங்கியதில்லை. கடைசிப் பதினெட்டை நாளைக்காவது பார்த்துவிடலாம் என்றேன்.

“அத்த அன்னிக்கே பாத்துக்கறேன். ஒரு தபா எறங்கிட்டு மீனு இல்லாம திரும்பி ஏற சொல்லாத” என்றார் ஏகவள்ளிம்மா.

ஜூன் 16, திங்கள்

முதல் மீன் இன்று வந்தது.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏகவள்ளிம்மா தலை வாரி, மஞ்சள் நிறப் புடவை கட்டித் தயாராக இருந்தார். வெறும் கூடை தலையில், இடது கை கைப்பிடியில். முன்னால் நான், பின்னால் சுகந்தி. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. கஸ்தூரி அக்கா வீடு பூட்டியிருந்தது. ஐம்பதாவது படியில் நான் மூச்சை நிறுத்திவிட்டேன். அவர் நிற்கவே இல்லை. ஐம்பத்தைந்து, அறுபது. கடைசிப் படியில் இறங்கி, இரண்டு பாதங்களையும் மண்ணில் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். அவர் கால்விரல்கள் மண்ணை ஒரு முறை பற்றி விட்டதைப் பார்த்தேன்.

ஏலத்துக்குப் போன பெண்கள் அவருக்கும் சேர்த்து வாங்கி வந்திருந்தார்கள். சங்கராவும் நெத்திலியும், பனிக்கட்டியோடு ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேர் தூக்கி அவர் தலையில் ஏற்றினார்கள். முதுகு நிமிர்ந்தது.

சந்தைக்கு இரண்டு தெரு. அவருக்கு வேர்க்கவில்லை, எனக்கு வேர்த்தது. சந்தையின் இரு பக்கமும் பலகையும் கத்தியுமாகப் பெண்கள். ஏகவள்ளிம்மா நுழைந்ததும் ஒவ்வொரு வாயாகப் பேச்சு நின்றது.

பூவரச மரத்தடியில் கஸ்தூரி அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய கூடை முன்னால், நிறைய மீனோடு.

ஏகவள்ளிம்மா போய் எதிரே நின்றார். கஸ்தூரி அக்கா நிமிரவில்லை, கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கூடையை இறக்கிவிடலாம் என்று கை நீட்டினேன். பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “கைய வெக்காத டீச்சர்.”

சுகந்தி என் காதில் சொன்னாள். நிறைந்த கூடையைத் தலையிலிருந்து ஒருத்தி தானே இறக்கக் கூடாது, அதுதான் இங்கே வழக்கம். அந்த இடத்தில் இருப்பவள் எழுந்து இறக்கிவிட்டால், இடத்தை விட்டுக்கொடுத்தாள் என்று அர்த்தம். இறக்காவிட்டால் அடுத்த இடத்துக்கு நடக்க வேண்டும்.

பழக்கத்தால் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது விநாடி. ஒரு நிமிடம். ஒரு நிமிடம் இருபது. ஏகவள்ளிம்மாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே நடுங்க ஆரம்பித்தது. இடுப்புக்கு மேல் எதுவும் அசையவில்லை. கூடையின் விளிம்பிலிருந்து பனி நீர் ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்து இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

“எத்தினி படி?” கஸ்தூரி அக்கா கத்தியைப் பார்த்தபடியே கேட்டார்.

“எழுவத்திரெண்டு.”

“எவனாச்சும் தூக்குனானா?”

“எவனும் தொடல.”

இரண்டு நிமிடம் பத்து விநாடி. கஸ்தூரி அக்கா கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்தார். “குனியாத. நானே எடுக்கறேன்” என்று சொல்லி, இரண்டு கையாலும் கூடையை இறக்கி மரத்தடியில் வைத்தார். உள்ளே பார்த்தார்.

“இன்னா மீன வாங்கியாந்துகிற. பாதிக்குப் பாதி நெத்திலி. இத்த வெச்சிகினு என் எடத்த கேக்க வந்துட்ட.”

“என் எடம்” என்றார் ஏகவள்ளிம்மா. கையை ஊன்றாமல் நேராகக் குந்தினார்.

கஸ்தூரி அக்கா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெயில் அடிக்கிற கோடியை ஒரு முறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், வேடிக்க பாத்துகினு நிக்கிறியே. ஒரு கை புடி.”

அவர் கூடையின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். முதுகை வளைக்காமல் காலால் தூக்க வேண்டும் என்று நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மார்பு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு எடை இருக்கும் என்று எண்களாக எழுதியிருக்கிறேன். கையில் வாங்கியது இன்றுதான். “அவ்ளோதானா உன் எக்சசைசு” என்றார். யாரோ சிரித்தார்கள். இன்னொரு முறை மூச்சை இழுத்துத் தூக்கினேன். அவர் தலை அடியில் வந்து நின்றது, கூடை உட்கார்ந்தது. நான் கையை எடுத்தேன். பனித் தண்ணீர் முழங்கை வழியாக உள்ளே ஓடி, சட்டையெல்லாம் மீன் வாசனை.

கஸ்தூரி அக்கா நடந்தார். கோடி வரை நாற்பது அடி இருக்கும். கழுத்து ஒரு நூல்கூட அசையவில்லை. அவர் போய்ச் சேரும் வரை ஒருவரும் மீன் கூவவில்லை.

இப்போது விடுதிக்கு வந்து எழுதுகிறேன். எழுத்து இப்படிக் கோணல் மாணலாக இருப்பதற்கு அந்தக் கூடையைத் தூக்கியதில் கை நடுங்குவதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.